கானுயிர்க் கலைஞர் மா. கிருஷ்ணன்

நுழையும்முன்

காட்டில் தாயின் காலடியில் நிற்கும் யானைக்கன்றை ஒளிப்படம் எடுக்க விரும்புபவர் மூன்று தடைகளை எதிர்கொள்ள வேண்டும். காட்டின் ஒளி மங்கலானது. கன்று ஒரு நொடியும் அசையாமல் நிற்பதில்லை. தாய் எவரையும் அருகில் நெருங்க விடுவதில்லை. பொறுமையையும் கூர்ந்த நோக்கையும் துணையாகக் கொண்டு இத்தடைகளை எதிர்கொண்டவர் மா. கிருஷ்ணன். தமிழ்நாட்டின் இயற்கை அறிஞராகவும் எழுத்தாளராகவும் ஒளிப்படக் கலைஞராகவும் விளங்கிய அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கல்லில் கண்ட கன்றுகள்

காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவையின் கரையிலும் முந்தானையிலும் அன்னம், மயில், யாளி ஆகியவற்றோடு யானையையும் நெய்வது நெசவாளரின் மரபு. அந்நகரின் கோயில் தூண்களிலும் யானை உருவங்கள் நிறைந்துள்ளன. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவர்களின் காலத்தில், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பு, மாமல்லபுரத்துப் பாறை ஒன்றின் முகத்தில் சிற்பிகள் ஒரு பெரும் புடைப்புச் சிற்பத்தைச் செதுக்கினர். அர்ச்சுனன் தபசு என மக்கள் அழைக்கும் அச்சிற்பத்தில் ஓங்கி நிற்கும் களிற்றையும் அதன் பின்னே பிடியையும் காணலாம். களிற்றின் கால்களுக்கிடையே கன்றுகள் ஒண்டி நிற்கின்றன. பெரிய உடல்களின் நிழலே கன்றுக்கு அரண் என்னும் உண்மையை அச்சிற்பிகள் கண்ணால் கண்டு கல்லில் வடித்துள்ளனர்.

இளமையைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களாக ஒன்பதைக் குறிப்பிட்டு, எவ்விளமைப் பெயர் எவ்வுயிருக்கு உரியது என வகுத்துரைக்கிறது. யானையின் இளமையைக் கன்று எனவும் குழவி எனவும் சொல்லலாம். புலியின் இளமையைக் குருளை எனலாம். பறவையின் இளமையைப் பார்ப்பு எனலாம். ஒவ்வோர் உயிரையும் வேறுபடுத்திப் பார்த்த கண்களே இவ்வளவு சொற்களைப் படைத்திருக்க முடியும். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கூரிய பார்வையைக் கேமராவின் வழியாகத் தொடர்ந்தவர் கிருஷ்ணன்.

எழுத்தாளரின் மகன்

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான பத்மாவதி சரித்திரத்தை எழுதிய அ. மாதவையாவின் எட்டு மக்களுள் இவரே கடைக்குட்டி. மாதவையா அரசின் உப்பு, சுங்கத் துறையில் பணியாற்றியவர். பணி ஓய்வுக்குப் பின் பஞ்சாமிர்தம் என்னும் தமிழ் இதழை நடத்தியவர். 1925இல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவைக் கூட்டத்தில் தமிழைப் பாடமாக வைக்க வேண்டும் என்று வாதிட்டுப் பேசி அமர்ந்தவர், அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. அதன் பின் அவரது கல்விக்கு மூத்த சகோதரி இலட்சுமி பொறுப்பேற்றார்.

அக்குடும்பம் வாழ்ந்த மயிலாப்பூர் இன்று காணும் நெரிசல் மிக்க நகர்ப்பகுதியாக அன்று இல்லை. புதர்க்காடுகளும் தோப்புகளும் அங்கு மிகுந்திருந்தன. நரிகள் நடமாடின; வெளிமான்களும் கண்ணில் பட்டன; பறவைகளுக்குக் குறைவே இல்லை. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். காட்டைத் தேடிச் செல்வதற்கு முன்பே, வீட்டு முற்றமும் தெருவோரப் புதரும் அவனுக்கு உயிரினங்களைக் கற்பிக்கும் பள்ளியாயின.

1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1931இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்குத் தாவரவியல் பேராசிரியராக இருந்த பைசன் தென்னிந்திய மலைத் தாவரங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர். அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்ற கிருஷ்ணன், தாவரங்களை இனம் காணும் முறையைக் கற்றார். பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் பயின்றார். இலையின் நரம்பையும் காம்பின் வளைவையும் தவறின்றி வரைய வேண்டுமானால் நெடுநேரம் பார்க்க வேண்டும். அன்று பெற்ற பயிற்சியே பின்னர் அவர் கேமராவைக் கையாண்ட முறைக்கும் அடித்தளமாயிற்று.

தாவரவியலில் முதுகலையும் சட்டமும் பயின்ற பின்னரும் நிலையான வேலை எளிதில் வாய்க்கவில்லை. சிறு தமிழ் இதழ்களுக்கு எழுதியும் வரைந்தும் வந்தார். அச்சகத்திலும் ஓவியப் பள்ளியிலும் வானொலியிலும் சில காலம் பணியாற்றினார். 1937இல் இந்துமதியை மணந்தார்.

சண்டூரில் ஒரு திருப்பம்

1942இல் பெல்லாரிப் பகுதியிலிருந்த சண்டூர் என்னும் சிறு சமத்தானத்தில் கிருஷ்ணனுக்கு வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அவர் அங்கு ஏற்றார். சண்டூரைச் சூழ்ந்த மலைகளும் காடுகளும் அவரை ஈர்த்தன. அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதைக் காட்டில் கழித்தார். ஓர் உயிரை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பாமல், பருவந்தோறும் பார்த்துக் குறிப்பெடுக்கும் வழக்கம் அங்கு உறுதிப்பட்டது.

1949இல் சண்டூர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபோது கிருஷ்ணனின் பணியும் முடிவுக்கு வந்தது. முப்பத்தேழு வயதில், குடும்பப் பொறுப்போடு அவர் சென்னைக்குத் திரும்பினார். வேறொரு மாத ஊதிய வேலையைத் தேடிக்கொள்வது உலகியலுக்கு உகந்த வழி. அவரோ எழுத்தையும் ஒளிப்படத்தையும் நம்பி வாழத் துணிந்தார். காட்டுயிர் பற்றி எழுதிப் பிழைப்பது அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்த்திராத வாழ்க்கை முறை. வருவாய் நிலையற்றது, கேமராவும் பிலிமும் விலை மிகுந்தவை. அதனால் வீணாகும் ஒவ்வொரு படமும் அவருக்குப் பொருளிழப்பே.

வெடியொளியும் இயல்பொளியும்

கிருஷ்ணன் தொழிலில் இறங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, இருளில் விலங்குகளைப் படமெடுக்கும் முயற்சிகள் உலகில் தொடங்கியிருந்தன. அமெரிக்கரான ஜார்ஜ் சைரஸ் இரவில் படகில் சென்று, கரையோர மான்களின் மீது விளக்கொளியைப் பாய்ச்சி, மருந்துத்தூளை வெடிக்கச் செய்து அவ்வொளியில் படமெடுத்தார். அவர் எடுத்த 74 படங்களை நேஷனல் ஜியாக்ரபிக் இதழ் 1906 சூலையில் வெளியிட்டது. இந்தியாவில் வன அலுவலராக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி ஒன்றைக் கட்டி, அதைப் புலி மிதித்ததும் ஒளி வெடித்துக் கேமரா தானே இயங்குமாறு அமைத்தார். அப்படங்களைக் கொண்ட அவரது நூல் 1927இல் வெளிவந்தது. துப்பாக்கிக்கு மாற்றாகக் கேமராவை முன்வைத்தது இவர்களின் பெருந்தொண்டு.

ஆயினும் வெடியொளிக்கு ஓர் எல்லை உண்டு. திடீரென வெடிக்கும் ஒளி விலங்கைத் திடுக்கிடச் செய்கிறது. அதன் பின் அந்த விலங்கு என்ன செய்யும் என்பதைப் படம் காட்டுவதில்லை. தனியே செல்லும் புலி விலகி ஓடலாம். கன்றோடு நிற்கும் யானையோ தாக்க வரலாம். அல்லது கூட்டம் முழுவதும் சிதறி ஓட, தள்ளாடும் இளங்கன்று பின்தங்கிவிடலாம். விலங்கின் இயல்பான வாழ்க்கையை அறிய விரும்பியவர் கிருஷ்ணன். ஆகவே அவருடைய யானைப் படங்களுக்குக் காலையிலும் மாலையிலும் காட்டில் கசியும் இயல்பொளியே பெரிதும் பயன்பட்டது.

மங்கிய ஒளியின் கணக்கு

காட்டின் இயல்பொளியில் கறுப்பு வெள்ளை பிலிமைக் கொண்டு படமெடுப்பது ஒரு கணக்கு. பிலிமில் உருவம் பதிய, குறிப்பிட்ட அளவு ஒளி அதன் மீது விழவேண்டும். ஷட்டர் நொடியில் 250இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் ஓடும் விலங்கும் தெளிவாகப் பதியும். மரநிழலில் அந்த நேரத்துக்குள் வந்துசேரும் ஒளி போதாது. ஷட்டரை நொடியில் 30இல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தால் ஏறத்தாழ எட்டு மடங்கு ஒளி கிடைக்கும். ஆனால் அதற்குள் கன்றின் காது அசைந்துவிடும். துதிக்கை கலங்கிய கோடாகிவிடும்.

லென்சின் துளையை விரித்தாலும் மிகுதியான ஒளி கிடைக்கும். அவ்வாறு செய்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துபோகும். தாயின் கண் தெளிவாக இருக்க, அதன் பின்னால் நிற்கும் கன்று மங்கிவிடும். விரைவாக ஒளியை ஏற்கும் பிலிமைப் பயன்படுத்தினால் படத்தில் மணற்பரல் போன்ற புள்ளிகள் எழும். தொலைவிலிருந்து பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் கையின் சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிவிடும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டிய இக்கணக்கைப் படமெடுப்பவர் சில நொடிகளில் மனத்தால் போட்டு முடிக்க வேண்டும்.

யானைக்கன்று இக்கணக்கை மேலும் சிக்கலாக்குகிறது. பிறந்த கன்று ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமும் கொண்டிருக்கும். அது தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்து நிற்கும். அங்குக் காட்டின் நிழலோடு தாயின் நிழலும் சேர்ந்துகொள்ளும். பிறந்து சில மாதங்கள் வரை துதிக்கையை ஆளத் தெரியாததால் அதை ஓயாது ஆட்டிக்கொண்டே இருக்கும். பால் குடிக்கும்போது துதிக்கையை ஒதுக்கிவிட்டு, தாயின் முன்னங்கால்களுக்கிடையே உள்ள மடியில் வாயை வைக்கும். கன்று சற்றே அமைதியாக நிற்கும் பொழுதுகளுள் அதுவும் ஒன்று. ஆகவே நல்ல படம் கிடைப்பது கருவியை மட்டும் பொறுத்ததன்று. விலங்கு அடுத்து என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே அறிந்தவருக்கே அது வாய்க்கும்.

பொருத்திய கேமரா, பொறுத்த மனம்

கிருஷ்ணனின் கேமரா கடையில் வாங்கிய முழுக்கருவி அன்று. ஒரு நிறுவனத்தின் உடற்பகுதியோடு மற்றொரு நிறுவனத்தின் லென்சைப் பொருத்தி, தம் தேவைக்கேற்ப அவரே அமைத்துக்கொண்டது. அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். வண்ணப் படம் பரவலான பின்னரும் அவர் கறுப்பு வெள்ளையை விட்டு விலகவில்லை. எடுத்த படங்களைத் தாமே இருட்டறையில் கழுவி அச்சிட்டார். வெளிச்சம் குறைந்த நெகட்டிவிலிருந்து யானைத் தோலின் சுருக்கத்தையும் அதில் ஒட்டிய சேற்றையும் வெளிக்கொணரும் திறன் அந்த உழைப்பில் உருவானது.

முதுமலை, பெரியாறு போன்ற காடுகளில் அவர் ஆண்டுதோறும் அலைந்தார். முதுமலை 1940இல் சரணாலயமாக்கப்பட்ட பகுதி. அங்கு வனத்துறையின் பழகிய யானை மீதமர்ந்து சென்றால் காட்டு யானைகள் அவ்வளவாக மருள்வதில்லை. எனினும் பழகிய யானையும் முற்றிலும் அசையாமல் நிற்காது. அது மூச்சு விடும்போதும் காலை மாற்றி வைக்கும்போதும் மேலிருப்பவரின் கேமரா ஆடும். ஷட்டரை நீண்ட நேரம் திறக்க வேண்டிய மங்கிய ஒளியில், இந்தச் சிறு ஆட்டமே படத்தைக் கெடுக்கப் போதுமானது. யானை மூச்சடங்கி நிற்கும் நொடிக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் பல வேளைகளில் நடந்தும் சென்றார். பெரியாற்றில் நீர்ப்பரப்பிலிருந்து கரையோர யானைகளை நோக்கினார்.

கூண்டில் அடைபட்ட விலங்கும் இரை கட்டி வரவழைத்த விலங்கும் எளிதில் படத்துக்குக் கிடைக்கும். அவை அந்த விலங்கின் வாழ்க்கையைப் பற்றிக் கூறுவது சிறிதே. தன் இடத்தில், தன் உணவை உண்டு, தன் கன்றோடு திரியும் விலங்கின் படமே கிருஷ்ணனுக்கு வேண்டியிருந்தது. அழகுக்காக மட்டும் அன்றி, சான்றாகவும் படம் அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. கூட்டத்தில் எத்தனை பிடிகள், எத்தனை கன்றுகள், அவை எந்தச் செடியை உண்கின்றன என்பவற்றுக்கு அவருடைய படங்கள் ஆவணங்களாயின.

வேடந்தாங்கல் தந்த பாடம்

இளம் உயிர்களைத் தொலைவில் நின்றே நோக்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்று வெகுகாலமாகக் கடைப்பிடித்து வருகிறது. காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே உள்ள வேடந்தாங்கல் ஏரியில், நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கொக்கு, நாரை, நீர்க்காகம் முதலிய பறவைகள் மழைக்காலத்தில் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உழவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளை எவரும் சுடக்கூடாது என அவர்கள் முறையிட, 1798இலேயே ஆங்கிலேய ஆட்சியர் அதற்கு ஒப்புதல் அளித்தார். இந்தியாவின் மிகப் பழைய பறவைக் காப்பிடங்களுள் ஒன்றாக அது விளங்குகிறது.

இவ்வேரியைப் பற்றி வனத்துறைக்காகக் கிருஷ்ணன் கையேடு ஒன்றை எழுதினார். அங்கும் ஒளிப்படக் கலைஞருக்குச் சோதனை உண்டு. விடியலிலும் அந்தியிலும் பறவைகளின் நடமாட்டம் மிகுதி, ஒளியோ குறைவு. நெருங்கிச் சென்றால் படம் தெளிவாகும். ஆனால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிட்டால், இறகு முளைக்காத பார்ப்புகளை வெயில் வாட்டும். காக்கை கவர்ந்து செல்லும். ஒரு படத்திற்காக ஒரு கூடு அழிவது எவ்வகையிலும் தகாது. கரையிலேயே நின்று பார்க்கும் அவ்வூர் வழக்கம், காட்டிற்கும் பொருந்தும் அறமாகும்.

எழுத்தும் ஆய்வும்

1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் கிருஷ்ணன் இயற்கை பற்றிய ஒரு பத்தியை எழுதத் தொடங்கினார். இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவந்த அப்பத்தி, 46 ஆண்டுகள் தொடர்ந்தது. புலியும் யானையும் மட்டுமன்றி அணிலும் காகமும் மைனாவும் அதில் இடம்பெற்றன. பலவற்றுக்கு அவரே கோட்டோவியம் வரைந்தார். தமிழிலும் சுவைபட எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை மழைக்காலமும் குயிலோசையும் என்னும் தலைப்பில் சு. தியடோர் பாஸ்கரன் பின்னாளில் தொகுத்தார். கதிரேசன் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் நாவலும் கிருஷ்ணன் எழுதியதே.

1968இல் அவருக்கு ஜவாகர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. அதனைக் கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டிகளைச் சூழலியல் நோக்கில் ஆராய்ந்தார். 1959 முதல் 1970 வரை அவர் நேரில் கண்டவற்றின் தொகுப்பைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக வெளியிட்டது. பெரிய அணைகளும் தோட்டப் பயிர்களும் காடுகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. எந்தக் காட்டில் எந்த விலங்கு எஞ்சியுள்ளது என்பதைக் கண்ணால் கண்டு பதிவு செய்தவர்கள் மிகச் சிலரே. நடுவண் அரசின் காட்டுயிர் வாரியத்திலும் புலிகள் காப்புத் திட்டக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்து கருத்துரைத்தார். அயல்நாட்டு மரங்களை நட்டுக் காட்டை வளர்த்துவிட்டதாக எண்ணுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். மண்ணுக்குரிய செடியும் மரமும் இருந்தால்தான் மண்ணுக்குரிய விலங்கும் வாழும் என்பது அவர் கண்ட முடிவு.

இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 1995இல் தன் உலக அளவிலான சிறப்புப் பட்டியலில் அவரது பெயரைச் சேர்த்தது.

இன்றைக்கும் உரிய பார்வை

இன்றைய கேமராக்கள் கிருஷ்ணன் கனவிலும் காணாத மங்கிய ஒளியில் தெளிவாகப் பதிவு செய்கின்றன. மாணவர் கையிலுள்ள கைப்பேசியும் அந்தியில் படமெடுக்கும். ஒளியின் தடை பெருமளவு நீங்கிவிட்டது. ஆனால் கன்றின் அச்சமும் தாயின் பதற்றமும் நீங்கவில்லை. மலைச்சாலையில் கன்றோடு கடக்கும் யானையைச் சூழ்ந்துகொண்டு, கைப்பேசியின் விளக்கை அதன் கண்ணில் பாய்ச்சுவோர் உள்ளனர். யானை காதை விரித்துத் தலையைத் தூக்கி நின்றால், அது எச்சரிக்கிறது என்று பொருள். அந்நேரத்தில் வண்டியை நிறுத்தாமல் விலகிச் செல்வதே கன்றுக்கும் மனிதருக்கும் நன்மை. எடுக்காமல் விட்ட படத்தால் எவருக்கும் தீங்கில்லை.

கிருஷ்ணன் 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் காலமானார். அதே நாளின் ஸ்டேட்ஸ்மன் இதழிலும் அவருடைய பத்தி வெளிவந்திருந்தது. அவர் விட்டுச்சென்ற கறுப்பு வெள்ளைப் படங்களில் யானைகள் இன்றும் மரநிழலில் அச்சமின்றி நிற்கின்றன. அருகில் ஒருவர் இருப்பதை அறிந்தும் அவை மிரளாமல் நின்றன என்பதே அப்படங்கள் கூறும் பெருஞ்செய்தி.